அண்ணன் கையும் என் பொட்டியும்

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டால் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. "கார் கம்பெனியில ஏதோ கம்ப்யூட்டர் வேலை" என்பார் அம்மா. அண்ணன் மகள் குட்டி, பள்ளிக்கூடத்தில் "எங்க சித்தப்பா பிரேக் போடுறவர்" என்று சொல்லி வைத்திருக்கிறாள். உண்மைக்குப் பக்கத்தில் வந்தது அவள் மட்டும்தான். நீங்களும் அதைத்தான் முதலில் கேட்டீர்கள், சார். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். என்னை யாரும் இழுத்துக்கொண்டு வரவில்லை, நானாகத்தான் இந்த ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் போதும்.

மழையில் ஒரு கார் வேகமாக வளைகிறது என்று வையுங்கள். சக்கரங்களுக்குத் தரையில் பிடிமானம் போய்விடுகிறது. வண்டியின் பின்பக்கம் ஒரு புறமாக விலகத் தொடங்குகிறது. அது விலகுவதற்கும், விலகுகிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரிவதற்கும் நடுவே ஒரு சின்ன நேரம் இருக்கிறது. நான் அந்த நேரத்தில் வேலை செய்கிறவன். பானெட்டுக்குள்ளே உள்ளங்கையில் அடங்குகிற அளவுக்கு ஒரு பெட்டி உண்டு. ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று அது ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் நான்கு சக்கரங்களில் ஒன்றை மட்டும், வேண்டிய அளவுக்கு மட்டும், தானாகவே பிரேக் பிடிக்கும். வண்டி நேராகிவிடும். பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் இறுகி நின்று சறுக்காமல் பார்த்துக்கொள்வதும் அதே பெட்டிதான்.

எப்போது தலையிட வேண்டும், எவ்வளவு தலையிட வேண்டும் என்று அந்தப் பெட்டிக்குப் பழக்கிக் கொடுப்பது என் வேலை. ஊருக்கு வெளியே எங்களுக்கு ஒரு சோதனைத் தளம் இருக்கிறது. தண்ணீர் பாய்ச்சிய வழவழப்பான தரை. ஒரு டிரைவர் வேண்டுமென்றே வண்டியைச் சறுக்க விடுவார். நான் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். சறுக்கும், பெட்டிக்குள் இருக்கிற எண்களில் ஒன்றை மாற்றுவேன், மறுபடியும் சறுக்கும். முதல் வருஷம் முழுக்க மதியச் சாப்பாடு எனக்கு வயிற்றில் தங்கியதில்லை.

இதில் ஒரு சங்கடம் உண்டு. நான் சரியாக வேலை செய்தால் ஒன்றும் நடக்காது. தப்பித்தவனுக்குத் தான் தப்பித்ததே தெரியாது. வீட்டுக்குப் போய் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவான். டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். என் கையை யாரும் பிடித்ததில்லை. அதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்றுதான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் கெட்டவர் இல்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவர் அவர். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் கண்ணாடிக் கதவு மாட்டிக்கொடுக்கிற தொழில். வாய் ஓயாது. அவர் போகிற இடத்தில் நாலு பேர் சுற்றி நின்று சிரிப்பார்கள். நான் போகிற இடத்தில் "நீங்க அவரோட தம்பியா?" என்று கேட்பார்கள். அவர் கார் வாங்கப் போனபோது, இந்த மாடலைத்தான் வாங்க வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். அதில் இருந்தது நான் பழக்கிய பெட்டி. அண்ணன் சரி என்றார், நிறம் பிடித்திருந்ததால்.

முதல் சம்பவத்துக்கு வருகிறேன். அம்மாவைக் கண் டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல மழை. அண்ணன் ஓட்டினார், பக்கத்தில் அண்ணி. பின்னால் அம்மாவுக்கும் குட்டிக்கும் நடுவில் நான். மேம்பாலத்திலிருந்து இறங்குகிற வளைவில் முன்னால் போன லாரியிலிருந்து ஒரு பெரிய மரப்பலகை விழுந்தது. அண்ணன் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் ஒடித்தார், பயந்துபோய் அதே வேகத்தில் மறுபக்கமும் ஒடித்தார். அந்த வேகத்தில், அந்த மழையில், அப்படி ஒடித்தால் வண்டி பம்பரமாகச் சுற்றும். எங்கள் தளத்தில் நான் அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பின்பக்கம் விலகத் தொடங்கியதை என் இடுப்பு உணர்ந்தது. உடனே கீழே டரடரவென்று பெட்டியின் பிரேக் பம்ப் ஓடுகிற சத்தம் கேட்டது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு சிமிட்டியது. முதலில் முன் சக்கரம் ஒன்று, அடுத்து எதிர்ப்பக்கத்துச் சக்கரம். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நேரானது. என் எண்கள், சார். ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அண்ணன் ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா? எப்படி ஒடிச்சேன் பாத்தீங்களா?" என்றார். "என் புள்ள கை இருக்கே, அது தங்கம்" என்றார் அம்மா.

அந்தக் கதை அன்றைக்கே எங்கள் உறவு முழுக்கப் போய்விட்டது. அடுத்த வாரம் பலகை ஒரு கட்டிலாகியிருந்தது. அதற்கடுத்த மாதம் லாரியே குறுக்கே சாய்ந்துவிட்டது. எங்கே நாலு பேர் கூடினாலும் "அந்த மழைக் கதையைச் சொல்லுங்க" என்று கேட்பார்கள். அண்ணன் இரண்டு கைகளையும் நீட்டி, இல்லாத ஸ்டீயரிங்கைப் பிடித்து, "இப்படி ஒரு ஒடி, அப்படி ஒரு ஒடி" என்று காட்டுவார். என் மனைவிகூட வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். எனக்கு வயிறு எரிந்தது.

ஒரே ஒரு தடவை நான் வாய் திறந்தேன். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். உண்மையில் அன்று நடந்தது என்னவென்றால், என்று ஆரம்பித்து, பம்ப், விளக்கு, சக்கரம் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னேன். அண்ணன் கடைசிவரைக்கும் கேட்டார். பிறகு தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஆமாண்டா. உன் பொட்டிதான் வண்டிய ஓட்டுச்சு. நான் சும்மா உக்காந்து வேடிக்க பாத்தேன்."

சாப்பாட்டு மேஜையே அதிர்ந்தது. அம்மாவுக்குப் புரையேறிவிட்டது. குட்டி என் முதுகில் தட்டித் தட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது. அன்றிலிருந்து எனக்கு அந்த வீட்டில் பெயர் பொட்டி. "பொட்டி வந்துட்டான், தட்டு வைங்க." "பொட்டி, உனக்குக் காபியா டீயா?" அன்போடுதான் கூப்பிட்டார்கள். அன்போடு கூப்பிடுகிறவர்களிடம் கோபித்துக்கொள்ள முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு காபி என்று சொல்ல வேண்டியதுதான்.

அண்ணிக்கு மட்டும் தெரியும். அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் நான் போனபோது சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அன்னைக்கு மஞ்ச விளக்கு ஒண்ணு கண்ணடிச்சுது தம்பி. கார் வழுக்குற மாதிரி படம் போட்டது. நீங்க சொன்னது அதுதானா?"

நான் மேடையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து ஒரு தட்டைச் சுழற்றிவிட்டேன். சுழல்கிற தட்டின் ஒரு விளிம்பில் விரலை வைத்தேன். தட்டு நின்றது. "இவ்வளவுதான் அண்ணி" என்றேன். அவர் தானும் ஒரு தடவை சுழற்றிப் பார்த்தார், விரலை வைத்துப் பார்த்தார். "அப்போ எங்கள எல்லாம் காப்பாத்துனது நீங்கதான்னு சொல்லுங்க" என்றார். எத்தனையோ வருஷ வேலையில் என்னிடம் ஒருவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்க அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிறாதீங்க. அவரு தாங்க மாட்டாரு."

பிறகு அந்த விளக்கு பழுதில்லாமல் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டார். சாவியைத் திருப்பியதும் அது எரிய வேண்டும், கொஞ்ச நேரத்தில் தானாக அணைய வேண்டும் என்றேன். எரிந்து அணைந்தால் பெட்டி விழித்திருக்கிறது. அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. அன்றிலிருந்து வண்டியில் ஏறியதும் முதலில் அண்ணியின் கண் அந்த விளக்குக்குத்தான் போகும். அண்ணன் கிண்டல் செய்வார். அண்ணி விளக்கு அணையும்வரை வண்டியை எடுக்க விடமாட்டார்.

அண்ணன் அடுத்த தடவை மழைக் கதையைச் சொன்னபோது அண்ணியும் பக்கத்தில் இருந்தார். "உன் பொட்டி என்னடா சொல்லுது?" என்று அண்ணன் என்னைக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தார். மற்றவர்கள் தெரியாமல் சிரித்தார்கள். அண்ணிமேல் எனக்குக் கோபம் இருந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. அவரை நான் என் தாய்க்குச் சமமாக மதித்தேன்.

அதற்குப் பிறகு அண்ணனுக்குத் தன் கைமேல் ஒரு மயக்கமே வந்துவிட்டது. மழை பெய்தால் வேகமாகப் போவார். வளைவைக் கண்டால் அழுத்துவார். பெட்டி ஒவ்வொரு தடவையும் பிடித்து நிறுத்தும். அது அவருக்கு எரிச்சலாக இருந்தது. என்னிடம் வந்தார்.

"வளைவுல நல்லா அழுத்துனா வண்டி பிடிச்சு இழுக்குதுடா. கால்ல கயிறு கட்டுன மாதிரி இருக்கு. உன் பொட்டியக் கழட்டி விட்டுரு."

"வேணாம் அண்ணா, அது இருக்கட்டும்."

"எனக்கு எதுக்குடா அது? ஓட்டத் தெரியாதவனுக்கு வை."

ஓட்டத் தெரியாதவனுக்கு. என் வாழ்க்கை முழுவதையும் அவர் அந்த ஒரு வார்த்தையில் மடித்துக் குப்பையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். அவருக்கு அது நினைவுகூட இருக்காது. மறுபடியும் கேட்டார். மூன்றாவது தடவை கேட்டபோது சரி என்றேன். மூத்தவர் கேட்டார், தம்பி செய்தேன். இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

விடுமுறை நாளில் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் வீட்டு வாசலில்தான் வண்டி நின்றது. பெட்டியைச் செயலிழக்கச் செய்ய ஒரு சுலபமான வழி உண்டு. ஒரு ஃப்யூஸை எடுத்துவிட்டால் போதும். அப்படிச் செய்தால் மஞ்சள் விளக்கு அணையாது, எந்நேரமும் எரிந்துகொண்டே இருக்கும். அண்ணன் கேட்டது அந்த வழிதான். விளக்கு எரிந்தால் அவருக்கென்ன, அவர் அதைப் பார்க்கவே மாட்டார்.

நான் அந்த வழியில் போகவில்லை. பிரேக்கையும் தொடவில்லை, மிதித்தால் பிடிக்கும். பெட்டி எப்போது தலையிட வேண்டும் என்ற எல்லையை மட்டும் மாற்றினேன். எந்தக் காரும் எட்ட முடியாத எல்லை அது. பெட்டி விழித்திருக்கும், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும், வண்டி விலகினாலும் சக்கரம் இறுகினாலும் விரலை மட்டும் வைக்காது. விளக்கு வழக்கம்போல எரியும், வழக்கம்போல அணையும். உங்கள் வாகன ஆய்வாளர் சோதித்தபோது ஒரு கோளாறும் தென்படாததற்குக் காரணம் இதுதான். அவர்மேல் குறை சொல்லாதீர்கள். நான் சுத்தமாக வேலை செய்கிறவன்.

அண்ணன் கதவில் சாய்ந்துகொண்டு நின்றார். "எடுத்துட்டியா?" என்றார். எடுத்துவிட்டேன் என்றேன். அப்போது அண்ணி வெளியே வந்தார்.

"என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

"சர்வீஸ்" என்று அண்ணன் எனக்குக் கண்ணைக் காட்டினார்.

அண்ணி அவரை நம்பவில்லை. தானே உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். விளக்கு எரிந்தது. அவர் காத்திருந்தார். அணைந்தது. என்னை நிமிர்ந்து பார்த்து, "சரியா இருக்குல்ல தம்பி?" என்றார். நான் தலையாட்டினேன்.

ஃப்யூஸை எடுத்திருந்தால் அந்த விளக்கு அணைந்திருக்காது. அண்ணி அன்றைக்கே வண்டியை நகர விட்டிருக்க மாட்டார். ஆகவே அதை எதற்காக அப்படிச் செய்தேன் என்று கேட்டால், வீட்டில் வீண் சச்சரவு வேண்டாம் என்றுதான். புருஷன் பெண்டாட்டிக்குள் என்னால் சண்டை வரக்கூடாது.

அவரைக் கொல்ல நான் நினைக்கவில்லை. ஒரு தடவை வண்டி அவர் கைக்கு அடங்காமல் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். ஏதாவது புதரில் போய் நிற்க வேண்டும். வெளிறிப்போன முகத்தோடு என்னிடம் வந்து, "டேய், அன்னைக்கு என்னக் காப்பாத்துனது உன் பொட்டிதான்டா" என்று சொல்ல வேண்டும். எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். நான் அதிகமாகவா ஆசைப்பட்டேன்?

மழைக்காகக் காத்திருந்தேன் என்றும் சொல்ல மாட்டேன். மழை எப்படியும் வரும். "மழையில பாத்துப் போங்க அண்ணா" என்று நான் எச்சரித்தும் இருக்கிறேன். சாட்சிக்கு அம்மாவைக் கேட்கலாம். "என் கை இருக்குடா பொட்டி" என்றார்.

அன்று காலையிலேயே வானம் கறுத்துவிட்டது. மதியம் மழை பிடித்துக்கொண்டது. அண்ணனும் அண்ணியும் ஒரு கடைக்குக் கண்ணாடி அளவெடுக்கப் போவதாக இருந்தார்கள், அப்படியே குட்டியையும் அழைத்துப்போவதாகப் பேச்சு. நான் போன் செய்து, கணக்குச் சொல்லித் தருகிறேன், குட்டி எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்றேன். வந்தாள். அவள் புத்தகத்தை விரித்தபோது ஜன்னலில் மழை அறைந்துகொண்டிருந்தது. பின்னங்களைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தேன். அண்ணியையும் வரச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

அதே மேம்பாலம், அதே இறக்கம். எதிரே ஒரு மோட்டார் சைக்கிள்காரர் வழுக்கி விழுந்திருக்கிறார். அண்ணன் ஒரு பக்கம் ஒடித்தார், மறுபக்கம் ஒடித்தார், பிரேக்கை ஓங்கி மிதித்தார். சக்கரங்கள் இறுகி நின்றுவிட்டன. இறுகிய சக்கரம் ஸ்டீயரிங் சொன்னதைக் கேட்காது. வண்டி சுற்றிக்கொண்டே போய், அண்ணி உட்கார்ந்திருந்த பக்கமாகப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதியது. அண்ணன் உடம்பில் ஒரு கீறலும் இல்லை. அண்ணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை.

எனக்கு வருத்தம்தான். இல்லை என்று சொல்லவில்லை. அந்த வீட்டில் என் வேலை என்னவென்று தெரிந்த ஒரே ஆள் அவர்.

ஆஸ்பத்திரியில் அண்ணன் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் காத்திருந்தேன். இப்போதாவது சொல்வார் என்று நினைத்தேன். பொட்டியைக் கழட்டச் சொன்னேனே, தப்புப் பண்ணிட்டேனே என்று ஒரு வார்த்தை. அவர் தன் இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இந்தக் கைதான்டா. இந்தக் கைதான் அவளக் கொன்னுடுச்சு."

கையைச் சுவரில் அடித்தார். ரத்தம் வந்தது. அம்மா ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வருகிறவர்களிடம் எல்லாம் அண்ணன் அதையே சொன்னார். இல்லாத ஸ்டீயரிங்கைப் பிடித்துக்காட்டி, "இப்படி ஒடிச்சேன், அப்படி ஒடிச்சேன், என் கை தப்பிடுச்சு" என்றார். அதே கதை, அதே சைகை. நாலு பேர் சுற்றி நின்று கேட்டார்கள். இப்போது சிரிக்கவில்லை, அழுதார்கள். பெட்டியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அவர் தானே கழட்டச் சொன்னது அவருக்கே ஞாபகம் இல்லை, சார். மறைக்கவில்லை. அப்படி ஒன்று வண்டியில் இருந்ததை அவர் என்றைக்குமே நம்பவில்லை. நான் ஒரு மூலையில் நின்றேன். என் உடம்பெல்லாம் நடுங்கியது. துக்கத்தில் என்று நினைத்து யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

பிறகு நீங்களும் அப்படியே எழுதிவிட்டீர்கள். ஓட்டியவரின் கவனக்குறைவு, ஸ்டீயரிங்கைத் தவறாகக் கையாண்டார் என்று. நேற்று அண்ணன் என்னிடம் சொன்னார். நீதிபதி முன்னால் தலை குனிந்து ஒத்துக்கொள்ளப் போகிறாராம், எந்தத் தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்வாராம். ஊரே அவரைப் பார்த்து உருகுகிறது. எப்பேர்ப்பட்ட மனுஷன், பழியை வேறு யார் மேலும் போடவில்லை பார் என்கிறார்கள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. அதனால்தான் வந்தேன். நீங்கள் எழுதியதை அடித்துவிட்டு நான் சொல்வதை எழுதுங்கள். எந்த எண்ணை எவ்வளவு மாற்றினேன் என்பதை ஒன்றுவிடாமல் சொல்கிறேன், உங்கள் ஆட்கள் சரிபார்த்துக்கொள்ளட்டும். அவன் கையில் ஒன்றுமே இல்லை, சார். அவன் சும்மா உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். அன்றைக்குக் காப்பாற்றியதும் நான்தான், இன்றைக்குக் கொன்றதும் நான்தான்.